அறிவியல் முற்றம்: உலாவி யாருடைய ஆள்?

விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்துக்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடித்துக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 கேட்கும் பொறியமைப்போ பழைய கணிப்பொறிகள் பலவற்றில் இல்லை. ஆதலின், கட்கியிலும் ரேஞ்ச் ஹில்ஸ் குடியிருப்புகளிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், கல்லூரிப் பிள்ளைகள் பழைய மடிக்கணினியில் உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ நிறுவிக் கொடுத்திருக்கின்றனர். மூலையில் கிடந்த பொறி மீண்டும் உயிர் பெற்றது, செலவும் இல்லை. இவற்றோடு, இனி நம்மை ஒருவரும் வேவு பார்க்க இயலாது என்ற மனநிறைவும் சேர்ந்துகொண்டது. அந்த மனநிறைவைப் பற்றியே இத்திங்கள் பேச எண்ணுகிறேன். செலவில்லை என்பது உண்மை. வேவில்லை என்பது, அப்பொறியில் எந்த உலாவியைக் கொண்டு இணையத்துக்குள் செல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

லினக்ஸ் ஒரு திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் முழுவதும் எவரும் படித்துப் பார்க்கும்படி வெளியிடப்பட்டுள்ளது. உலகெங்கும் உள்ள வல்லுநர்கள் அதை நாள்தோறும் படிக்கின்றனர். ஒளிவு மறைவு இருந்தால் கண்டு சொல்லுகின்றனர். இது பெரும் பாதுகாப்பு, ஐயமில்லை. ஆயினும், இயக்குதளம் என்பது வீடு. வீட்டுக் கதவு உறுதியாக இருப்பதும், வீட்டிலிருந்து வெளியே செல்லும் செய்தி காக்கப்படுவதும் ஒன்றல்ல.

நம் முன்னோர் வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் பட்டாளத்திலும் வேலை தேடிக் கட்கிக்கு வந்த நாட்களில், ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் எழுதத் தெரிந்த ஒருவரிடம் சென்றனர். மணியார்டர் படிவத்தையும் அவரே நிரப்பித் தருவார். அஞ்சலட்டையை வழியில் உள்ளவர் அனைவரும் படிக்கலாம். உறையில் இட்டு ஒட்டிவிட்டால் அஞ்சற்காரரும் படிக்க இயலாது. ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு? உறைக்குள் இருப்பது அனைத்தும் அவருக்குத் தெரியும். எவருக்கு எவ்வளவு கடன், எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன், எந்த வீட்டில் என்ன நோய் என்பதெல்லாம் அவர் உள்ளத்தில் இருந்தன. அவர் நாணயமானவராக இருந்ததனால் ஊர் பிழைத்தது.

இன்று இணையதள முகவரிக்கு முன்னே எச்.டி.டி.பி.எஸ். என்று காண்கிறோமே, அது ஒட்டிய உறை. இடையிலே இருக்கும் இணையச் சேவையாளர் உறையின் மேல் உள்ள முகவரியைக் காணலாம். உள்ளே இருப்பதைக் காண இயலாது. உலாவியோ, நம் அருகில் அமர்ந்து எழுதிக் கொடுப்பவர். நாம் தட்டும் ஒவ்வொரு சொல்லும், காணும் ஒவ்வொரு பக்கமும், கடவுச்சொல்லும் அதன் கை வழியே செல்கின்றன. எனவே அது யாருடைய ஆள் என்று உசாவுவது குற்றமன்று.

பெரும்பாலோர் லினக்ஸ் ஏற்றிய அன்றே கூகிளின் குரோம் உலாவியையும் ஏற்றிவிடுகின்றனர். கைப்பேசியிலும் அதுவே பழக்கம். உலகில் மூன்றில் இரண்டு பங்கினர் அதையே பயன்படுத்துகின்றனர். ஈண்டு ஒரு பெயர்க் குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். குரோமியம் என்பது திறந்த மூலம். குரோம் என்பது அதன்மீது கூகிள் தன் சொந்தச் சரக்கைச் சேர்த்து வெளியிடும் மூடிய மென்பொருள். மேலும், உபுண்டுவில் குரோமின் நிறுவு கோப்பை ஏற்றும்போது, அது தன்னோடு கூகிளின் மென்பொருட் களஞ்சியத்தையும் நம் பொறியின் பட்டியலில் சேர்த்துவிடும். அதன்பின் புதுப்பித்தல் நடக்கும்போதெல்லாம் அங்கிருந்தும் நிரல் வந்து இறங்கும். முழுத் திறப்பான வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் வேறொருவர் சாவி வைத்திருப்பது போன்றது இது.

அவ்வாறாயின் குரோமியமே போதாதா எனக் கேட்கலாம். 2015-ஆம் ஆண்டில் டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டில் நிகழ்ந்ததை அதற்கு விடையாகச் சொல்லலாம். டெபியன் குழுவினர் மூலநிரலின் தூய்மையில் மிகக் கண்டிப்பானவர்கள். அவர்கள் தம் களஞ்சியத்திலிருந்து வழங்கிய குரோமியம், நிறுவியபின் தானாகவே கூகிளிடமிருந்து ஒரு மூடிய நிரல் துண்டை இறக்கிக்கொண்டதைப் பயனர்கள் கண்டுபிடித்தனர். அந்தத் துண்டு, 'ஓகே கூகிள்' என்னும் குரலைக் கேட்டு விழித்துக்கொள்வதற்கானது. அதாவது ஒலிவாங்கியோடு தொடர்புடையது. பயனர் தாமே இயக்கினாலன்றி அது கேட்காது என்று கூகிள் தரப்பில் விளக்கம் அளித்தனர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் மூடிய பொருள் கேளாமல் வீட்டுக்குள் வந்தது என்பதே மனக்குறை. எதிர்ப்பு வலுக்கவே, அத்துண்டு குரோமியத்திலிருந்து நீக்கப்பட்டது. இதில் நான் காண்பது திறந்த மூலத்தின் தோல்வியன்று. நிரல் திறந்திருந்தமையால்தான் குறை கண்ணில் பட்டது, திருத்தமும் நேர்ந்தது. ஆனால் கண்ணில் படும்வரை அது உள்ளேதான் இருந்தது.

இயக்குதளமும் இவ்வகைப் பழிக்கு முற்றிலும் அப்பாற்பட்டதன்று. 2012-இல் வெளிவந்த உபுண்டு 12.10 பதிப்பில், நம் கணிப்பொறியில் உள்ள கோப்பைத் தேடத் தட்டிய சொல்லும் கேனானிகல் நிறுவனத்தின் வழங்கிக்குச் சென்று, அமேசான் கடைப்பொருள்களின் பட்டியலோடு திரும்பி வந்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தையான ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனை வேவு நிரல் என்றே கண்டித்தார். 2016-இல் வந்த 16.04 பதிப்பில்தான் அது தானே இயங்காதபடி மாற்றப்பட்டது. மூன்றரை ஆண்டுகள்!

குரோமில் 'மறைநிலை' என்றொரு சாளரம் உண்டு. கறுப்பு நிறமும் தொப்பி அணிந்த உருவமும் பார்ப்பவருக்குத் துணிவு ஊட்டுகின்றன. உண்மையில் அது மறைப்பது வீட்டில் அதே பொறியைப் பயன்படுத்தும் மற்றவரிடமிருந்துதான். சாளரத்தை மூடியவுடன் சென்ற தடம் பொறியிலிருந்து அழிகிறது. எதிர்முனையில் உள்ள தளங்களுக்கும் விளம்பரக்காரருக்கும் நாம் மறைந்தவர்கள் அல்லர். இது குறித்து 2020-இல் அமெரிக்காவில் கூகிள்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் நீதிமன்றத்தில் அளிக்கப்பட்ட இணக்க உடன்படிக்கையில், மறைநிலையில் உலாவியோரைப் பற்றித் திரண்டிருந்த நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. தம் உடல்நிலையைப் பற்றிப் பிறர் அறியலாகாது என்று அந்தக் கறுப்புச் சாளரத்தைத் திறந்து தேடிய பெண்மணிகள் எத்தனை பேரோ!

இனி, எழுதிக் கொடுப்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்று பார்ப்போம். உலாவிகள் நமக்கு இலவசம். ஆனால் அவற்றை ஆக்குவோர்க்குப் பெருஞ்செலவு ஆகிறது. கூகிள் தன் தேடுபொறியையே முதலில் காட்டும்படி செய்வதற்காகப் பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த தொகை, 2021 என்னும் ஓராண்டில் மட்டும் 2,600 கோடி டாலருக்கு மேல். இது அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிப்பட்ட கணக்கு. ஃபயர்பாக்ஸ் உலாவியை ஆக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி இவ்வழியில் கூகிளிடமிருந்தே வருகிறது. உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றோடு வருவது ஃபயர்பாக்ஸ்தான். அது முழுமையும் திறந்த மூலம்; நடத்துவது இலாப நோக்கற்ற அறக்கட்டளைக்கு உட்பட்ட நிறுவனம். எனினும் அதன் தட்டில் சோறு இடுபவர் போட்டியாளரே என்பதை மறக்கலாகாது.

அத்தகைய நெருக்கடி இடைக்கிடையே முகத்தில் தெரிகிறது. 2024 ஜூலையில் வந்த 128-ஆம் பதிப்பில், விளம்பரங்களின் பயனை அளக்கும் ஒரு சோதனை ஏற்பாட்டை மொசில்லா கேளாமலே இயக்கிவைத்தது. தனிமனிதரை அடையாளம் காட்டாத முறை என்பது அவர்கள் விளக்கம். ஆஸ்திரியாவிலுள்ள ஓர் உரிமைக் காப்பு அமைப்பு அந்நாட்டு அதிகாரிகளிடம் முறையீடு செய்தது. 2025 பிப்ரவரியில், 'உங்கள் தரவை விற்கமாட்டோம்' என்று நெடுங்காலமாகக் கூறிவந்த உறுதிமொழியைத் தம் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டனர். 'விற்றல்' என்னும் சொல்லுக்குச் சில நாடுகளின் சட்டங்கள் மிக விரிந்த பொருள் தருகின்றன என்பது அவர்கள் சொன்ன காரணம். பயனர்கள் கொதித்தெழவே, விதிகளைச் சில நாட்களில் திருத்தி எழுதினர். காரணம் சரியாகவே இருக்கலாம். என் மதிப்பில், நல்ல பெயர் ஒன்றையே முதலாகக் கொண்ட நிறுவனம் அந்த முதலைத் தொட்டுச் செலவழித்த நாள் அது.

நம் நாட்டிலேயே செய்தது இருக்க அயலாரை ஏன் நம்பவேண்டும் என்று கேட்கும் அன்பர்கள் உளர். நியாயமான கேள்வி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் 2023 மே திங்களில் 'உலா' என்னும் உலாவியை வெளியிட்டது. லினக்ஸுக்கும் அது கிடைக்கிறது. விளம்பரமும் தடங்காணும் நிரலும் தாமாகவே தடுக்கப்படும் என்பதும், விளம்பர வருமானத்தை நாடாத நிறுவனம் என்பதும் அதன் சிறப்புகளாகக் கூறப்படுகின்றன. பெயரும் அழகிய தமிழ்ப் பெயர். நம் உலா இலக்கியங்களில் தலைவன் வீதியில் உலா வருவான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவ மகளிரும் அவனை நோக்கி நிற்பர். இணைய வீதியில் உலா வருபவர் நாம். நம்மை நோக்கி நிற்போரின் பருவங்கள் ஏழோடு முடியா.

அதே 2023 ஆகஸ்டில் இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் உள்நாட்டு உலாவி ஒன்றை ஆக்குவதற்குப் போட்டி ஒன்றை அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வெளியாயிற்று. முதற்பரிசான ஒரு கோடி ரூபாயைச் சோகோ பெற்றது. இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் பெருமையோடு இரண்டு செய்திகளையும் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்று, உலாவின் அடித்தளமும் குரோமியமே. அந்த ஆற்றில் கூகிள் எந்தத் திசையில் மடை திருப்பினாலும் கீழே உள்ள வயல்கள் அனைத்துக்கும் அதன் பயனோ கேடோ வந்து சேரும். மற்றொன்று சற்று நுட்பமானது.

உறையின்மேல் அரக்கு முத்திரை உண்டு. நீங்கள் வங்கியின் தளத்தைத் திறக்கும்போது, 'இது அந்த வங்கியே' என்று ஒரு சான்று நிறுவனம் முத்திரையிட்டிருக்கும். எந்தெந்தச் சான்று நிறுவனங்களை நம்பலாம் என்ற பட்டியல் உலாவியிடம் அல்லது இயக்குதளத்திடம் இருக்கும். 2014 ஜூலையில், நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் அமைப்பிலிருந்து கூகிள், யாகூ தளங்களின் பெயரில் போலிச் சான்றுகள் வெளிப்பட்டன. அத்தகைய சான்றைக் கையில் வைத்திருப்பவர் இடைவழியில் நின்று, தாமே அந்தத் தளம் என்று காட்டி, உறையைப் பிரித்துப் படிக்கலாம். இந்தியச் சான்றதிகாரியின் மூலச்சான்றை நம்பியது விண்டோஸின் பட்டியல். ஃபயர்பாக்ஸ் தன் சொந்தப் பட்டியலை வைத்திருந்தது. அதில் அச்சான்று இல்லை. லினக்ஸ் முதலிய பிற தளங்களில் ஓடிய குரோமுக்கும் தீங்கு நேரவில்லை. உள்நாட்டு உலாவிப் போட்டியின் விதிகளுள் ஒன்று, இந்தியச் சான்றதிகாரியின் மூலச்சான்றை உலாவி ஏற்கவேண்டும் என்பது. அரசின் முத்திரையை அரசின் குடிமக்கள் ஏற்பதில் தவறில்லை. அயல்நாட்டு நிறுவனங்களின் தயவில் நம் தளங்கள் நிற்கவேண்டாம் என்பதும் நல்ல நோக்கமே. ஆயினும் 2014-இன் நினைவு உள்ளவர், முத்திரைக் கோலைக் காப்பவர் எவர், தவறு நேர்ந்தால் எவ்வளவு விரைவில் ஊரறியச் சொல்வர் என்று கேட்கத்தான் செய்வார். உள்நாட்டுப் பொருள் என்பதனால் அக்கேள்வி தீர்ந்துவிடாது.

இதுவரை கூறியவை எல்லார்க்கும் பொதுவானவை. நம் போன்றோர்க்கு மட்டும் உரிய ஒன்று உண்டு. அதை எங்கும் எழுதக் காணேன். பெயரும் குக்கீயும் இன்றியே ஒருவரை அடையாளம் காண வழி இருக்கிறது. திரையின் அளவு, நேர மண்டலம், நிறுவியுள்ள எழுத்துருக்கள், இயக்குதளத்தின் பெயர், பயனர் விரும்பும் மொழி ஆகியவற்றை உலாவி தளங்களுக்கு வெளிப்படுத்துகிறது. ஒவ்வொன்றும் சிறு குறி. சேர்த்துப் பார்த்தால் கைரேகை. 2010-இல் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 4,70,161 உலாவிகளைச் சோதித்தபோது, நூற்றுக்கு 83.6 உலாவிகள் வேறெதனோடும் ஒத்திராமல் தனித்துத் தெரிந்தன.

இப்போது கட்கியில் ஒரு தமிழ் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். இணைய முகவரி புனே என்கிறது. உலாவியின் முகப்பைத் தமிழில் வைத்திருப்பதால், அது ஒவ்வொரு தளத்தினிடமும் 'இவர் விரும்பும் மொழி தமிழ்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. இயக்குதளம் லினக்ஸ். எழுத்துருக்களில் லோகித் தமிழும் உள்ளது. புனே நகரில் இலட்சக்கணக்கானோர் விண்டோஸும் ஆங்கிலமும் கொண்டு கூட்டத்தில் கலந்து நிற்க, நம்மவரோ வெள்ளைக் கொக்குகளிடையே மயில் போல் நிற்கிறார். சென்னையில் இதே அமைப்பு இவ்வளவு தனித்துத் தெரியாது. மதிப்புமிக்க மூன்று செயல்கள், அதாவது கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தமை, தாய்மொழியைக் கைவிடாமை, பிழைப்புக்காக ஊர் பெயர்ந்து வந்தமை ஆகிய மூன்றும் சேர்ந்து அவரை அடையாளம் காட்டிவிடுகின்றன.

இதற்கு மாற்று உண்டு. ஃபயர்பாக்ஸில், டோர் என்னும் மறைவுலாவிக் குழுவினரின் ஆய்விலிருந்து வந்த ஒரு கைரேகைத் தடுப்பு அமைப்பு உள்ளது. கூடுதல் அமைப்புப் பக்கத்துக்குள் சென்றுதான் அதை இயக்கவேண்டும். ஆங்கிலமல்லாத மொழியில் உலாவியை வைத்திருப்பவர் அதனை இயக்கினால், 'பக்கங்களை ஆங்கிலத்தில் கேட்டுப் பெறட்டுமா? அது அந்தரங்கத்துக்கு நல்லது' என்று உலாவி கேட்கும். அறிவியல் நோக்கில் அது சரியான கேள்வியே. ஆயினும் படிக்கும்போது நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது. அந்தரங்கம் வேண்டுமானால் தமிழன் இல்லை என்று சொல் என்பதன்றோ அதன் பொருள்? மேலும், தமிழில் எத்தனை பேர் வந்தனர் என்று எண்ணிப் பார்த்தே தள உரிமையாளர்கள் தமிழ்ப் பக்கம் நடத்துவதா நிறுத்துவதா என்று முடிவு செய்கின்றனர். நாம் அனைவரும் ஆங்கில முகமூடி அணிந்துகொண்டால், தமிழ் வாசகர் எவருமில்லை என்றுதான் அவர் ஏட்டில் பதியும்.

என் முடிவு இது. செய்தி, நூலகம், பாட்டு, சங்கக் கடிதம் ஆகியவற்றுக்குத் தமிழ் முகப்பை மாற்றவேண்டா. நோய், வழக்கு, கடன், மணவிலக்கு போன்றவை பற்றித் தேடும் வேளைக்கு மட்டும், ஆங்கில அமைப்பில் இரண்டாவது உலாவி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். மிகுந்த மறைவு தேவைப்படுவோர்க்கு டோர் உலாவி இருக்கிறது. மெதுவாக இயங்கும், பொறுமை வேண்டும். வயது வந்த பெண்மக்கள் உள்ள இல்லங்களில், இந்த இரண்டாவது உலாவி எது, எங்கே இருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, அதில் என்ன தேடினார்கள் என்று கேளாதிருப்பது பெற்றோர் செய்யத்தக்கது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது. ஆயினும் நம் மடிக்கணினியின் முன்னமைவுகளை மாற்றித் தர எந்த நீதிமன்றமும் நேரில் வாராது.

ஆகவே வேலையைச் சொல்லிவிடுகிறேன். அன்றாடத்துக்கு, லினக்ஸோடு வந்த ஃபயர்பாக்ஸே போதும். மேற்சொன்ன குறைகளை அறிந்தே சொல்கிறேன். வெளித் தளங்களிலிருந்து நிறுவு கோப்பை இறக்காமல், இயக்குதளத்தின் மென்பொருள் மையத்திலிருந்தே பெறுங்கள். அமைப்புகளில் 'அந்தரங்கம்' என்னும் பகுதிக்குச் சென்று, தடங்காணலைத் தடுக்கும் நிலையைக் 'கடுமை' என்று மாற்றுங்கள். தொழில்நுட்பத் தரவு என்று குறியிட்டிருப்பதை நீக்குங்கள். தேடுபொறியை மாற்றுவதும் அமைப்புகளிலேயே இயலும். யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியமையால் அத்தடுப்பி அங்கே தன் முழு வடிவில் இயங்குவதில்லை, ஃபயர்பாக்ஸில் இயங்குகிறது. இந்த ஒன்றே குரோமை விடப் போதிய காரணம் என்பேன். சில தேர்வுத் தளங்களும் அலுவலகத் தளங்களும் ஃபயர்பாக்ஸை ஏற்காமல் அடம்பிடிக்கும். அவற்றுக்கென உலாவையோ குரோமியத்தையோ ஏற்றி, அந்த வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். கூகிள் கணக்கில் அதனுள் நுழையவேண்டா.

கடுமை நிலைக்கு மாற்றியபின் சில தளங்களில் படமோ காணொளியோ தோன்றாமற் போகலாம். அப்போது முகவரிப் பட்டையின் இடப்புறமுள்ள கேடயக் குறியை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். பேரப்பிள்ளை பழுது என்று நினைத்து எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றிவிடாதபடி, இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.